கரண்ட் வேணுங்கிற அமைச்சே கண்காணிக்கவும் செய்யலாமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நம்ம இலங்கைக்கும் அணுமின் நிலையம் வரணும்னு கொஞ்ச காலமா பேச்சு அடிபடுது. வேணுமா வேணாமான்னு எல்லாரும் மல்லுக்கட்டுறாங்க, ஆனா வந்தா அத யாரு செக் பண்ணுவாங்க, தப்புன்னா நிப்பாட்டுன்னு சொல்ற தைரியம் அவங்களுக்கு இருக்குமான்னு யாரும் கேக்குறதா தெரியல. எனக்கு அதுதான் பெரிய கவலையா இருக்கு.

1969 அணுசக்திச் சட்டத்துல இருந்தது ஒரே ஒரு அதிகார சபைதான். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் அத ரெண்டா பிரிச்சாங்க, 2015 ஜனவரியில இருந்து அணுசக்திய வளக்குறதுக்கு ஒரு சபை, லைசன்ஸ் குடுத்து கண்காணிக்கிறதுக்கு தனியா ஒரு ஒழுங்குபடுத்தல் பேரவை. நல்ல வேலைதான், மறுக்கல. ஆனா ரெண்டும் இருக்கிறது ஒரே எரிசக்தி அமைச்சுக்கு கீழ. நாளைக்கு கோடி கோடியா கடன் வாங்கி அணு உலை கட்டியே தீரணும்னு அமைச்சு முடிவு பண்ணிட்டா, இந்த இடம் சரியில்லைங்க, வேலைய நிப்பாட்டுங்கன்னு அதே அமைச்சரோட ஆளு எப்பிடி வாயத் தொறப்பாரு?

ஜப்பான்ல நடந்தத பாருங்க. 2011ல புகுஷிமா அணுமின் நிலையம் வெடிச்சப்ப அணு உலைகள கண்காணிச்ச ஏஜென்சி இருந்ததே அணுமின்ன வளத்துவிட்ட பொருளாதார அமைச்சுக்குள்ளதான். அவங்க பார்லிமென்ட் போட்ட விசாரணைக் குழுவே இது மனுசன் உண்டாக்குன அழிவுன்னு சொல்லிருச்சு. அதுக்கப்புறம்தான் 2012 செப்டம்பர்ல அந்த ஏஜென்சிய கலைச்சு புது ஆணையம் அமைச்சாங்க. அமெரிக்காக்காரன் வளக்குற வேலையையும் கண்காணிக்கிற வேலையையும் 1974லயே சட்டம் போட்டு பிரிச்சிட்டான்.

உலை வந்தாத்தானே இதெல்லாம்னு விட்றாதீங்க. எக்ஸ்ரே மெஷின், கேன்சருக்கு கதிர்வீச்சு குடுக்குற மெஷின் எல்லாத்துக்கும் இப்பவே அந்தப் பேரவையோட லைசன்ஸ் வேணும். மதினிய கூட்டிக்கிட்டு எங்க பக்கத்து ஆஸ்பத்திரி ஒண்ணுக்கு போயிருந்தேன், எக்ஸ்ரே ரூம் கதவுல கர்ப்பமா இருந்தா முன்கூட்டியே சொல்லுங்கன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கு, சிங்களத்துல இருக்கு, இங்கிலீஷ்ல இருக்கு, தமிழ்ல ஒரு வரி இல்ல. பெஞ்சுல உக்காந்திருந்ததுல பாதிப்பேரு தோட்டத்து பொம்பளைங்க, கொழுந்து கறை கையோட வந்தவங்க. உள்ள வேலை செய்ற தம்பி சட்டையில சின்னதா ஒரு பேட்ஜ் குத்தியிருந்தாரு, அவரு மேல எவ்வளவு கதிர்வீச்சு பட்டிச்சுன்னு அத வச்சு கணக்கு பாப்பாங்க. அவருக்கு அது வேணும்தான், ஆனா வயித்துல புள்ளையோட வெளிய உக்காந்திருக்கிறவளுக்கு அந்த ஒரு வரி எச்சரிக்கையாவது வேணாமா? இத கண்டுபுடிச்சு எழுத வைக்கிற ஆளும் பலமும் பேரவைக்கு இல்லைன்னா உலைய எப்பிடி பாத்துக்குவாங்க?

மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்தப்ப தலவாக்கலையில குடும்பங்கள இடம் மாத்துனத பாத்தவங்க நாங்க. பெரிய திட்டம்னா மேல முடிவ எடுத்துட்டு கடைசியாத்தான் கீழ சொல்லுவாங்க.

அதனால புதுச் சட்டம் கொண்டு வர்றதா இருந்தா, பேரவை அமைச்சருக்கு இல்லாம நேரா பாராளுமன்றத்துக்கு பதில் சொல்ற மாதிரி வைக்கணும், அதோட காசு பாராளுமன்றம் ஒதுக்குறதா இருக்கணும், எங்க போய் செக் பண்ணாங்க என்ன குறை கண்டாங்கங்கிற ரிப்போர்ட் மூணு மொழியிலயும் வெளிய வரணும். நுவரெலியா, பதுளை எம்பிமாருங்க சட்டமூலம் சபைக்கு வரும்போது இத வாய்விட்டு கேக்கணும்னு உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
தலவாக்கலை வாசகி