திரும்பி வந்து இரத்தம் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

கதிர்வீச்சு சிகிச்சை, வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதங்களான ஆன்டிபாடிகளை என்ன செய்கிறது என்று அறியும் எங்கள் ஆய்வுக்கு இரத்தம் தந்த ஒவ்வொருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. சிகிச்சை முடிந்து மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் களைப்பையும் வாய்ப்புண்ணையும் பொறுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு நாங்கள் கூடுதலாகக் கடமைப்பட்டிருக்கிறோம்.

காரணம் இதுதான். இரத்தத்தில் மிகுதியாக உள்ள ஆன்டிபாடி வகையான ஐஜிஜி பாதியாகக் குறைய ஏறத்தாழ 21 நாள் ஆகும். முதல் நாளே உற்பத்தி அடியோடு நின்றுபோனாலும், ஆறு வாரம் கழித்துக் கால் பங்கு மிஞ்சியிருக்கும். அதனால் சிகிச்சையின் கடைசி நாள் மாதிரியை மட்டும் பார்த்து முடிவு சொல்லவே முடியாது. விடை நீங்கள் பின்னால் தந்த குழாய்களில்தான் இருக்கிறது.

வெள்ளை அணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்கள் கதிருக்கு எளிதில் மடிபவை. ஒரு வேளைக்கு வழக்கமாகத் தரும் 2 கிரே (கதிர் அளவின் அலகு) அளவே அவற்றுக்கு அதிகம். ஆன்டிபாடியைச் சுரக்கும் பிளாஸ்மா அணுக்களோ எலும்பு மஜ்ஜையில் தங்கிக் கதிரை ஓரளவு தாங்குகின்றன. அதனால் லிம்போசைட் எண்ணிக்கை சரிந்த ஒருவருக்கே தட்டம்மை ஆன்டிபாடி அசையாமல் இருக்கலாம். எங்கே கதிர் பட்டது என்பதும் முக்கியம்: இடுப்பெலும்பில் மஜ்ஜை மிகுதி.

செவிலியர்களே, இரத்தமோ பிளாஸ்மாவோ ஏற்றிய தேதி, கொடையாளர்களின் ஆன்டிபாடி அடங்கிய இம்யூனோகுளோபுலின் ஊசி, ஆன்டிபாடி உருவாவதைக் குறைக்கக்கூடிய ரிட்டுக்சிமாப் மருந்து எல்லாவற்றையும் விடாமல் படிவத்தில் எழுதினீர்கள். கொடையாளரின் ஆன்டிபாடி நோயாளியின் அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் நாங்கள் ஏமாந்திருப்போம். நீர்ச்சத்து குறைந்தவர்களைக் குறித்துவைத்ததும் அப்படியே. இரத்தம் கெட்டியாகும்போது எல்லாப் புரதமும் கூடியதுபோலத் தெரியும் என்பதால், மொத்த ஐஜிஜியையும் சேர்த்தே அளந்தோம்.

ஆய்வக நண்பர்கள் குழாயை 30 நிமிடம் நிமிர்த்தி வைத்து உறையவிட்டு, சுழற்றி, உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் நீர்மமான சீரத்தைச் சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்தார்கள். ஒரே குப்பியை உறையவைப்பதும் உருக்குவதுமாக இருந்தால் ஆன்டிபாடி சிதையும். ஒருவருடைய முன், பின் மாதிரிகளை ஆன்டிபாடியை அளக்கும் எலைசா சோதனையின் ஒரே தட்டில் ஓட்டியது பெரிய உதவி. சோதனைக் கிட்டின் தயாரிப்புத் தொகுதி மாறினால் அளவும் மாறும். சீரத்தைப் படிப்படியாக இரண்டிரண்டு மடங்கு நீர்த்து அளக்கும் சோதனைகளில் நான்கு மடங்குக்குக் குறைந்த வேறுபாட்டை மாற்றமாகக் கொள்வதில்லை.

பழைய தடுப்பூசி அட்டைகளைத் தேடித் தந்த குடும்பத்தாருக்கும் நன்றி. இனிமேல் வரவேண்டியவர்கள் இடையில் போட்ட ஊசியின் பெயரையும் தேதியையும் மறக்காமல் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
ஆய்வுக் குழுவினர்