2006-ஐயும் 2011-ஐயும் ஒப்பிடும் முன்

ஆசிரியருக்கு,

சென்னைத் தொகுதிகளின் 2006, 2011 சட்டமன்றத் தேர்தல் வாக்குகளை அருகருகே வைத்து ‘இத்தனை சதவீதம் சரிவு’ என்று எழுதுவது பெரும்பாலும் வெறும் கணக்கு விளையாட்டு. 2008 தொகுதி எல்லை மறுவரையறையில் பூங்கா நகர், புரசைவாக்கம் மறைந்தன. சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியும் இணைந்தன. வேளச்சேரி புதிதாக வந்தது. பெயர் மாறாத தொகுதிகளிலும் எல்லை மாறியிருக்கிறது.

தொகுதி அளவுக்குத் தேர்தல் ஆணையத் தளத்தின் புள்ளிவிவர அறிக்கைகள் போதும். வாக்குச்சாவடி வாரியாக வேண்டுமென்றால், மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் சாவடிவாரியாக வாக்குகளைக் காட்டும் முடிவுத் தாளான படிவம் 20-ஐ எடுக்க வேண்டும். பல கோப்புகள் ஸ்கேன் செய்த படங்களே. மென்பொருள் வழியாக எண்களைப் பிரித்தால் 3 என்ற எண் 8 ஆகிவிடும். ஒவ்வொரு வேட்பாளரின் பத்தியையும் கூட்டி, அடியிலுள்ள மொத்தத்துடன் சரிபார்ப்பதே வழி. தபால் வாக்குகள் எந்தச் சாவடியிலும் சேராமல் கடைசியில் தனி வரியாக இருக்கும். அதை விட்டால் கூட்டல் இடிக்கும். சாவடி எண்ணும் நிரந்தரமல்ல. பழைய 112-ம் புதிய 112-ம் வேறு தெருக்களாக இருக்கலாம். சாவடிப் பட்டியலில் பகுதியைப் பாருங்கள்.

பிந்தைய தேர்தல்களுக்குப் போனால், நோட்டாவிலும் கவனம் தேவை. ஆணையத்தின் முடிவுகள் தளம் அதையும் சேர்த்தே சதவீதம் காட்டுகிறது. ஆனால் டெபாசிட்டைத் தக்கவைக்கத் தேவையான, செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைக் கணக்கிடும்போது நோட்டா சேராது.

— வாசகர், சென்னை-5