உள்ளே போகிறது, ஓடமாட்டேன் என்கிறது: எஸ்டி அசோசியேஷனுக்கு ஒரு திறந்த மடல்

எஸ்டி அசோசியேஷன் நிர்வாகிகளுக்கும், அதில் உறுப்பினராக இருக்கும் கேமரா, கார்டு, மின்னணுக் கருவி நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். கேமரா உதிரிகள் விற்கும் ஒரு சின்னக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவன் நான். நீங்கள் மெமரி கார்டுக்கு எழுதும் விதிமுறைகளை எங்கள் வாடிக்கையாளர்கள் படிப்பதில்லை. "அண்ணே, இந்த கேமராவுக்கு இந்த சிப் செட் ஆகுமா?" என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கு ஆகும், ஆகாது என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லை. அதற்குக் காரணம் வாடிக்கையாளரும் இல்லை, நானும் இல்லை என்பதால் இதை உங்களுக்கே எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்குச் சேர வேண்டிய நல்ல பெயரைச் சொல்லிவிடுகிறேன். 1994-ல் காம்பாக்ட்ஃபிளாஷ், மறுவருடம் ஸ்மார்ட்மீடியா, 1998-ல் சோனியின் மெமரி ஸ்டிக், 2002-ல் ஒலிம்பஸும் ஃப்யூஜிஃபிலிமும் சேர்ந்து கொண்டுவந்த எக்ஸ்டி கார்டு என்று கம்பெனிக்கு ஒரு வடிவம் இருந்த காலம் அது. கேமரா மாற்றினால் கார்டும் வீண். மாட்சுஷிதா என்ற பெயரில் அன்று இருந்த பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா மூவரும் 1999-ல் எஸ்டி கார்டை அறிவித்து, 2000 ஜனவரியில் உங்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். பத்து வருடத்தில் சோனியே தன் கேமராக்களில் எஸ்டி கார்டுக்கு இடம் கொடுத்துவிட்டது. வடிவச் சண்டையில் நீங்கள் ஜெயித்தீர்கள். எங்களுக்கும் நிம்மதி.

ஆனால் அந்தச் சண்டையில் ஒரு வசதி இருந்தது. எக்ஸ்டி கார்டை மெமரி ஸ்டிக் துளையில் சொருகப் பார்த்தால் போகாது. போகாதது ஆகாது, கதை முடிந்தது. வீட்டில் 15 ஆம்பியர் பிளக் 5 ஆம்பியர் பாயிண்டில் நுழையாதே, அந்த மாதிரி. இப்போது 32 மில்லிமீட்டர் உயரம், 24 மில்லிமீட்டர் அகலம் என்று ஒரே அளவுக்குள் எஸ்டி (2 ஜிபி வரை), எஸ்டிஹெச்சி (32 ஜிபி வரை), எஸ்டிஎக்ஸ்சி (2 டிபி வரை), எஸ்டியுசி (128 டிபி வரை) எல்லாவற்றையும் அடைத்துவிட்டீர்கள். எல்லாம் எல்லாத் துளையிலும் அழகாக நுழைகிறது, கிளிக் என்று உட்காருகிறது. அப்புறம்தான் வில்லங்கம்.

இதில் எல்லாத் தலைமுறையையும் ஒரே கூடையில் போட்டுத் திட்ட மாட்டேன். 2006-ல் எஸ்டிஹெச்சி வந்தபோது நீங்கள் செய்தது எனக்கு இன்றும் பிடிக்கும். அதற்கு முந்தைய கார்டில் கேமரா தனக்கு வேண்டிய இடத்தை பைட் எண்ணாகச் சொல்லிக் கேட்கும். 32 பிட்டில் எழுதக்கூடிய எண் 4 ஜிபியோடு தீர்ந்துவிடும். நீங்களோ 2 ஜிபியிலேயே கோடு போட்டிருந்தீர்கள். எஸ்டிஹெச்சியில் பைட்டை விட்டுவிட்டு 512 பைட் கொண்ட கட்டங்களாக எண்ணச் சொன்னீர்கள். அதே 32 பிட்டில் 2 டிபி வரை போக வழி கிடைத்தது. அதோடு ஒரு காவலும் வைத்தீர்கள். கேமரா தொடக்கத்திலேயே "பெரிய கார்டு எனக்குத் தெரியும்" என்று அறிவிக்காவிட்டால், எஸ்டிஹெச்சி கார்டு கடைசி வரை "தயார்" என்று பதில் சொல்லாது. பழைய கேமரா காத்திருந்து பார்த்துவிட்டு "கார்டு எரர்" என்று காட்டும். வாங்கியவருக்கு எரிச்சல்தான். ஆனால் கார்டில் ஏற்கெனவே இருக்கும் படங்களுக்கு ஒன்றும் ஆகாது.

2009-ல் எஸ்டிஎக்ஸ்சி அறிவித்தபோது அந்தக் காவல் எங்கே போனது? எண்ணும் முறை மாறவில்லை. அதனால் எஸ்டிஹெச்சி காலத்துக் கருவி ஒன்றில் 64 ஜிபி கார்டைச் சொருகினால், பெரும்பாலும் இரண்டும் பேசத் தொடங்கிவிடும், கார்டும் தயார் என்றுவிடும். ஆனால் உள்ளே கோப்புகளை அடுக்கிவைத்திருப்பது பழைய ஃபேட்32 முறையில் இல்லை, எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில். எக்ஸ்ஃபேட் தெரியாத கருவிக்கு அந்தக் கார்டு வெறும் குப்பையாகத் தெரியும். அது கேட்கும் கேள்வி: "கார்டு ஃபார்மட் செய்யப்படவில்லை. ஃபார்மட் செய்யலாமா?"

கேட்டால் மனிதர்கள் "சரி" என்றுதான் அழுத்துவார்கள். ஒரு அம்மா, பேத்தியின் காதுகுத்துப் படங்கள் இருந்த கார்டை வீட்டில் கிடந்த பழைய கேமராவில் போட்டுப் பார்த்திருக்கிறார். அது கேட்டது, இவர் சரி என்றார். கார்டு என் கைக்கு வந்தபோது அவர் சொன்னது: "கேமராதானே தம்பி கேட்டுச்சு, நானா அழிச்சேன்?" அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கொஞ்சம் படங்களை மீட்டுக் கொடுத்தோம், எல்லாம் கிடைக்கவில்லை.

கருவிக்கு எக்ஸ்ஃபேட் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். அது எக்ஸ்ஃபேட் என்று கண்டுகொள்ளக்கூட முடியாதா என்ன? பிரிவின் முதல் செக்டரிலேயே, அதாவது கோப்புப் பகுதி தொடங்கும் முதல் கட்டத்திலேயே, நான்காவது பைட்டிலிருந்து, அந்தப் பெயர் எழுத்து எழுத்தாக எழுதியிருக்கிறது. அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "இது எனக்குப் படிக்கத் தெரியாத கார்டு, இதில் படங்கள் இருக்கலாம், எடுத்துவிடுங்கள்" என்று ஒரு வாக்கியம் காட்டினால் போதும். இந்த வாக்கியத்தை லோகோ உரிமத்தின் நிபந்தனையாக்குங்கள் என்பதுதான் என் முதல் கோரிக்கை. மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால்தான். உரிமம் கொடுக்கும் அதிகாரம் உங்களிடமும், எஸ்டி உரிமங்களைக் கையாளும் எஸ்டி-3சி நிறுவனத்திடமும்தான் இருக்கிறது. விற்றுப்போன கேமராவை யாராலும் திருத்த முடியாது. ஆனால் 32 ஜிபிக்கு மேல் ஏற்காத கருவிகள் இன்றும் புதிதாக வந்துகொண்டேதான் இருக்கின்றன. எங்கள் ஊரில் பெரியவர்கள் பக்திப் பாட்டுக் கேட்க வாங்கும் எஃப்எம் ஸ்பீக்கர், குரல் பதிவு செய்யும் கருவி, காரில் மாட்டும் மலிவு விலை டேஷ்கேம் கேமரா என்று பட்டியல் நீளும். 2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ஃபேட் விவரங்களை வெளியிட்டு, லினக்ஸ் இயங்குதளத்தில் சேர்க்கவும் சம்மதித்தது. அதற்குப் பிறகு வடிவமைத்த கருவியும் 32 ஜிபியில் நின்றால், அது சிக்கனம் அல்லது சோம்பல். வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நாங்கள் கடையில் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறோம். 64 ஜிபி கார்டை ஃபேட்32-க்கு மாற்றிக் கொடுத்தால் அந்த ஸ்பீக்கர்களில் பல பாடிவிடும். உங்கள் விதிப்படி அது முறையில்லை, தெரியும். உங்கள் சொந்த ஃபார்மட்டர் மென்பொருளில் அதைச் செய்ய முடியாது. விண்டோஸின் ஃபார்மட் சன்னலும் வெகுகாலம் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 காட்டவில்லை. ஊர் பேர் தெரியாத ஏதோ ஒரு மென்பொருளை இறக்கித்தான் செய்ய வேண்டியிருந்தது. ஓடும் என்று உங்களுக்கும் தெரிந்த ஒன்றை ஏன் திருட்டுத்தனமாகச் செய்ய வைக்கிறீர்கள்?

அடுத்து வேகம். மைக்ரோ எஸ்டி கார்டின் முகம் 15 மில்லிமீட்டருக்கு 11 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகம் அளவுதான். அதில் கொள்ளளவு, எஸ்டிஎக்ஸ்சி லோகோ, பஸ் (கார்டும் கருவியும் தகவல் பரிமாறும் பாதை) வகையைக் காட்டும் ரோமன் எண், வட்டத்துக்குள் 10, யு எழுத்துக்குள் 3, வி30, ஏ2 எல்லாம் இருக்கும். லென்ஸ் துடைக்கிற எனக்கே பூதக்கண்ணாடி வேண்டியிருக்கிறது. இத்தனையும் இத்தனை செய்தியா என்றால், இல்லை. வட்டத்துக்குள் 10, யு1, வி10 மூன்றும் சொல்வது ஒன்றேதான்: நொடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும். யு3 என்றாலும் வி30 என்றாலும் 30 எம்பி. ஒரே வாக்குறுதிக்கு மூன்று முத்திரை எதற்கு? வீடியோவுக்கான வி வரிசை 2016-ல் வந்தபோதே மற்ற இரண்டுக்கும் ஓய்வு கொடுத்திருக்கலாம். ஏ2 இன்னும் விசேஷம். நொடிக்கு 4000 முறை படிக்கும், 2000 முறை எழுதும் என்பது அதன் வாக்கு. ஆனால் கருவியும் அதற்கான கட்டளை வரிசையையும் கேஷையும் (தற்காலிகச் சேமிப்பு) ஆதரித்தால்தான் அந்த வாக்கு செல்லும். இந்த "ஆனால்" டப்பாவில் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றையும் விடப் பெரிய எழுத்தில், உற்பத்தியாளர் போடும் எண்: "200 எம்பி/நொடி". ரோமன் எண் ஒன்று போட்ட யுஹெச்எஸ்-1 பஸ்ஸின் உச்சமே உங்கள் விதிப்படி 104 எம்பி. அப்படியானால் யுஹெச்எஸ்-1 கார்டில் 170, 200 என்பது எப்படி வருகிறது? உங்கள் விதிமுறையில் இல்லாத ஒரு வழியில், பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனியே விற்கும் கார்டு ரீடரில் போட்டால் வருகிறது. அதுவும் படிக்கும் வேகம். கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம்; கேமராவின் துளையிலோ அந்தக் கார்டு 104-ஐத் தாண்டாது. சாதாரண துளையில் எவ்வளவு என்பதையும் அதே எழுத்து அளவில் போடாத டப்பாவில் உங்கள் லோகோ இருக்கக் கூடாது. இது என் இரண்டாவது கோரிக்கை.

கேமரா கம்பெனிக்காரர்களும் இங்கே கொஞ்சம் கவனியுங்கள். உங்கள் மெனுவில் 4கே வீடியோவுக்கு "100 எம்பிபிஎஸ்" என்று போடுகிறீர்கள். அது மெகாபிட். கார்டில் இருப்பது மெகாபைட். எட்டால் வகுத்தால் 100 என்பது 12.5 ஆகிவிடும், வி30 கார்டே தாராளம். இது தெரியாமல் கல்யாண வீடியோ எடுக்கும் பையன்கள் தேவைக்கு மூன்று மடங்கு பணம் கொடுத்து வி90 வாங்குகிறார்கள். இன்னொரு பக்கம், 400 எம்பிபிஎஸ்ஸில் எடுப்பவர் 200 என்று கொட்டை எழுத்தில் போட்ட கார்டை நம்பி வாங்கிப் போகிறார். அவருக்கு நொடிக்கு 50 எம்பி தொடர்ந்து எழுதியாக வேண்டும், அதாவது வி60. கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் பதிவு நின்றுவிட்டால் மறுபடி தாலி கட்டச் சொல்லவா முடியும்? ஒவ்வொரு ரெக்கார்டிங் மோடுக்குப் பக்கத்திலும் வி30 போதும், வி60 வேண்டும் என்று மெனுவிலேயே போடுங்கள். சிலர் கையேட்டின் கடைசியில் ஒரு அட்டவணையாகப் போடுகிறீர்கள். கையேட்டை யார் படிக்கிறார்கள்?

இப்போது புதிதாக எஸ்டி எக்ஸ்பிரஸ். 2018-ல் அறிவித்தபோது எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: கம்ப்யூட்டர் எஸ்எஸ்டியின் வழியில் கார்டு பேசும், வேகம் பல மடங்கு. அதற்கு நீங்கள் இடம் பிடித்தது கார்டின் பின்பக்கம் இரண்டாவது வரிசையில். யுஹெச்எஸ்-1-ஐவிட வேகமான யுஹெச்எஸ்-2 பஸ்ஸுக்கு ஒதுக்கிய அதே வரிசை! விளைவு என்னவென்றால், விலை உயர்ந்த எக்ஸ்பிரஸ் கார்டை விலை உயர்ந்த யுஹெச்எஸ்-2 கேமராவில் போட்டால், இரண்டும் இறங்கிவந்து யுஹெச்எஸ்-1-ல் பேசிக்கொள்கின்றன. பெரிய கேமராக்காரர்கள் பலர் இதைத் தொடாமல் சிஎஃப் எக்ஸ்பிரஸ் என்ற வேறு வகைக் கார்டு பக்கம் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

2025 ஜூனில் நின்டெண்டோ ஸ்விட்ச் 2 என்ற விளையாட்டுக் கருவி வந்த பிறகுதான் இந்தக் கார்டைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அதில் விளையாட்டுகளைச் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் மட்டும்தான். பழைய ஸ்விட்ச்சில் வைத்திருந்த சாதாரணக் கார்டு நுழையும், ஆனால் அதிலிருக்கும் படங்களையும் வீடியோவையும் எடுத்துக்கொள்ள மட்டுமே உதவும். வேகம் வேண்டும் என்று அவர்கள் எடுத்த முடிவில் எனக்குக் குறையில்லை. எக்ஸ்பிரஸ் கார்டையும் சாதாரணக் கார்டையும் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்பக்கம் "இஎக்ஸ்" என்று பொடியாக இரண்டு எழுத்து, பின்பக்கம் கூடுதலாகச் சில தங்க முனைகள். வெளிநாட்டிலிருந்து வரும் மாமா ஏர்போர்ட் கடையில் அவசரத்தில் இதைப் பார்த்தா வாங்குவார்? வடிவத்தை மாற்ற வேண்டாம், நிறத்தையாவது மாற்றியிருக்கலாமே. எக்ஸ்பிரஸ் கார்டு என்றால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இந்த நிறம்தான் என்று ஒரு விதி, அவ்வளவுதான் கேட்கிறேன்.

(சம்பந்தமில்லாமல் ஒன்று: பக்கவாட்டில் இருக்கும் அந்த லாக் பொத்தான். கார்டுக்குள் அதற்கு ஒரு வயர்கூட இல்லை. அது எங்கே நிற்கிறது என்று துளையில் இருக்கும் சுவிட்ச்தான் தடவிப் பார்க்கிறது. பொத்தான் உடைந்து விழுந்தால் நல்ல கார்டும் "லாக் ஆகியிருக்கிறது" என்கிறது. செல்லோடேப் ஒட்டித்தான் ஓட்டுகிறோம்.)

கடைசியாக, பழசு. கல்லூரிப் பிள்ளைகள் அப்பாவின் அலமாரியிலிருந்து பழைய டிஜிட்டல் கேமராக்களைத் தோண்டி எடுத்து வருகிறார்கள். அந்தக் கால ஃபிளாஷ் வெளிச்சம் அவர்களுக்குப் பிடித்திருக்கிறதாம். பேட்டரி கிடைத்துவிடுகிறது. 2006-க்கு முந்தைய கேமராவுக்கு 2 ஜிபியோ அதற்குக் குறைவாகவோ உள்ள எஸ்டி கார்டு வேண்டும், அதுதான் கிடைப்பதில்லை. கிடைப்பவற்றில் 4 ஜிபி என்று எழுதிய, உங்கள் விதியில் எந்த வகையிலும் சேராத கார்டுகளும் உண்டு. ஒரு கேமராவில் ஓடும், இன்னொன்றில் ஓடாது. உங்கள் உறுப்பினர்களில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், 2 ஜிபி கார்டைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்க ஏற்பாடு செய்யுங்கள். பெரிய லாபம் வராது. ஆனால் விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் வாங்க ஆள் இருக்கிறது என்பதை நான் எழுதியே தருகிறேன்.

பதில் எழுதுவதானால் கார்டு டப்பாவில் எழுதுங்கள். அங்கே எழுதினால்தான் எங்கள் கவுண்டர் வரைக்கும் வரும்.

இப்படிக்கு,
மெமரி கார்டு விற்கும் கடைக்காரன் ஒருவன்