பற்றரிக்கும் ஒரு வரி எழுதுங்கள்

வன்னியிலுள்ள பல்கலைக்கழக, கல்லூரி நிர்வாகங்களில் இருக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

நான் வவுனியா நெளுக்குளத்தில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பட்டம் கிட்டம் கிடையாது. ஆனால் இந்தப் பக்கத்துக் கல்வி நிறுவனங்களின் கணினிகள் எத்தனையோ வருடமாக என் மேசைக்கு வந்து போகின்றன. சில வந்ததோடு சரி, எடுக்க ஆள் வரவில்லை. அடுத்த மூலோபாயத் திட்டத்தில் தொழில்நுட்பத்துக்கென்று ஓர் அத்தியாயம் எழுத நீங்கள் உட்காரும்போது அந்த மேசையையும் ஒருக்கால் நினைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தில் பூட்டிக் கிடந்த கணினிக்கூடத்தைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். திறப்பு வைத்திருந்த கிளாக்கர் இடமாற்றமாகிப் போய்விட்டார். பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனோம். நாற்பது கணினிகள். பாதிக்கு மேல் பொலித்தீன் உறையே கழற்றப்படவில்லை. கரண்ட் போனால் கணினியைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும் யூபிஎஸ் பெட்டிகளைத் திறந்தால் பற்றரிகள் பொங்கல் பானை மாதிரி வீங்கி, வெளியே இழுக்க முடியாமல் இறுகிக் கிடந்தன. புரொஜெக்டரின் காற்றுத் துளையில் குளவி மண்கூடு. வாசலில் திறந்து வைத்தவரின் பெயர் பொறித்த கல் மட்டும் புதுசாகவே இருந்தது.

யாரும் களவெடுக்கவில்லை. வாங்கக் காசு வந்தது, பராமரிக்கக் காசு வரவில்லை, அவ்வளவுதான். உங்கள் கணக்கு மொழியில் முதலாவது மூலதனச் செலவினம், இரண்டாவது மீண்டெழும் செலவினம். பெயர் மீண்டெழும் என்றுதான் இருக்கிறது. ஒரு திட்டத்திலும் அது எழுந்து நான் பார்த்ததில்லை.

பற்றரியையே எடுங்கள். யூபிஎஸ்ஸில் இருக்கும் ஈயப் பற்றரி குளிரான அறையில் மூன்று முதல் ஐந்து வருடம் தாக்குப்பிடிக்கும். அது 25 பாகை வெப்பத்துக்குச் சொன்ன கணக்கு. அதற்கு மேல் பத்துப் பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். நான்கு மணிக்கு ஏசியை நிறுத்தி யன்னலையும் பூட்டிவிட்டுப் போகிற அறைக்குள் சித்திரை வெயிலில் என்ன வெப்பம் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆக, ஐம்பது யூபிஎஸ் வாங்கினால் மூன்றாம் வருடம் ஐம்பது பற்றரிக்குக் காசு தேவை என்பது வாங்கும் அன்றைக்கே தெரிந்த விஷயம். அதைத் திட்டத்தில் எழுத ஒரு வரி போதும்.

மின்னலும் அப்படித்தான். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி இறங்குவது நமக்குப் புதுசா? இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கணினிகளை இணைக்க வேப்பமரக் கொப்பில் கட்டி இழுத்த செப்பு வயரை எத்தனை இடத்தில் பார்த்துவிட்டேன். ஒரு மழை இரவு கழிந்தால் அந்த வயர் வந்து சேரும் இணைப்புப் பெட்டியான சுவிச்சு இரு பக்கத்திலும் கரி. கட்டடத்துக்குக் கட்டடம் கண்ணாடி இழை (ஃபைபர்) தான் போட வேண்டும். அது மின்சாரத்தைக் கடத்தாது, செப்பு வயருக்குள்ள நூறு மீற்றர் எல்லையும் அதற்கு இல்லை. முதலில் செலவு கூடத்தான். எரிந்த சுவிச்சுகளின் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

2022 யாருக்கும் மறந்திராது. மார்ச் முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. 200 ரூபா அளவில் நின்ற டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. டொலரில் வருடச் சந்தா கட்டும் மென்பொருளை நம்பியிருந்தவர்கள் தலையில் கைவைத்தார்கள். பாடங்களுக்கு மூடில், நூலகத்துக்குக் கோஹா என்று உரிமக் காசில்லாத நல்ல மென்பொருட்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ அழைப்பு வந்தால் அவர் போய்விடுவார், நானும் போயிருப்பேன். போகும்போது சேர்வரின் கடவுச்சொல்லும் அவர் தலைக்குள்ளேயே போய்விடக் கூடாது. ஓர் இடத்தில் அதைக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கண்டெடுத்தோம். வருடம் முடிந்தும் கலண்டரைக் கழற்றாத சோம்பேறிக்குப் புண்ணியம்.

வவுனியா வளாகம் 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பிள்ளையாகத் தொடங்கி, 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. நமக்கெல்லாம் பெருமைதான். தனிக்குடித்தனம் போனால் அரிசி பருப்புக் கணக்கையும் தானே பார்க்க வேண்டும் அல்லவா?

பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று. 2020 கொரோனா முடக்கத்தில் என் அக்காவின் மகள் மாலையில் குளக்கட்டில் ஏறி நின்றுதான் விரிவுரை கேட்டாள். பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாக வந்த பாடங்களுக்கு அப்போது டேற்றா இலவசம். சிக்னல்தான் இல்லை. மழை தூறினால் போனைப் பாவாடைக்குள் மூடிக்கொண்டு ஓடி வருவாள். வீட்டில் கணினி கிடையாது, அந்தப் போன் மட்டும்தான். ஸ்மார்ட் வகுப்பறைக்குப் பெரிய திரை வாங்க முன்னர், ஒரு மணித்தியால விரிவுரையைச் சின்ன ஒலிக்கோப்பாகவும் நான்கு பக்கக் குறிப்பாகவும் இறக்கி எடுக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பெரிய காசு தேவையில்லை.

சரி, திட்டத்தை எப்படி எழுதுவது? படித்தவர்களுக்கு நான் சொல்ல வரவில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகப் பீடங்களில் இருப்பவர்களுக்கு இரணைமடுக் குளம் பக்கத்தில்தானே. அங்கே சிறுபோக நெல் விதைப்புக்கு முன் விவசாயிகள் கூடும் கூட்டத்தில் முதல் கேள்வி குளத்தில் இப்போது எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதுதான். 36 அடி கொள்ளும் குளம் என்பதற்காக 36 அடிக்கு ஏக்கர் பிரிப்பதில்லை. இருக்கும் தண்ணீரைப் பார்த்து ஏக்கரைத் தீர்மானித்து, விதைக்கும் நாளையும் தண்ணீர் திறக்கும் நாளையும் குறிக்கிறார்கள். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவரும் அங்கே எழும்பி நின்று சத்தம் போடலாம். உங்கள் கூட்டத்துக்கு ஆய்வுகூட உதவியாளரையும் மின்சார வேலை பார்ப்பவரையும் கடைசி வாங்கில் இருக்கும் இரண்டு மாணவரையும் கூப்பிடுங்கள். எத்தனை கணினி இருக்கிறது, அதில் எத்தனை ஓடுகிறது என்று முதலில் எண்ணுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. பழைய பெட்டிகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்காது. அவற்றை ஏலத்தில் தள்ளுவதா, விண்டோஸுக்குப் பதிலாக உரிமக் காசில்லாத லினக்ஸ் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டுவதா என்று அந்தக் கூட்டத்திலேயே பேசலாம்.

என்னைக் கூப்பிட்டாலும் வருவேன், காசு வேண்டாம். திங்கட்கிழமை மட்டும் கடை பூட்ட ஏலாது.

இப்படிக்கு,
நெளுக்குளத்துக் கணினி திருத்துபவன்