மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25 (எமலோகப் பொழிவுகள் குறித்த விளக்கத்துடன்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை இன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் போடப்படும். கைகூப்பும் படத்தைத் தட்டிவிட்டுப் போகாமல், சந்தா பற்றிய பகுதி வரைக்கும் படிக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வழக்கமான நிகழ்ச்சிகள் வழக்கம்போல் நடந்தன. சித்திரையில் கவியரங்கம், செப்டம்பரில் பாரதி நினைவு நாள், தையில் பொங்கல் விழாவும் கோலப் போட்டியும். நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துப் புத்தகக் காட்சிக்குக் குழுவாகப் போய்வந்தோம். டிசம்பரில் கூட்டம் இல்லை. உறுப்பினர்களில் பாதிப்பேரைச் சபா கேன்டீன்களில்தான் பார்க்க முடிந்தது.

இனி, மாதாந்திரப் பொழிவு. “மறுமையும் கீழுலகும்” என்ற தலைப்பு செயற்குழுவில் முறைப்படி ஏற்கப்பட்டது. தீர்மானம் குறிப்பேட்டில் இருக்கிறது, கையெழுத்துகளும் இருக்கின்றன. அப்போது கையெழுத்திட்டவர்களே பிறகு “செயலாளர் தன் இஷ்டத்துக்கு எமலோகத்துக்கு வண்டி விடுகிறார்” என்று சொன்னதாகக் கேள்வி. ஒரு மூத்த உறுப்பினர் தொலைபேசியிலேயே கேட்டார்: “ஏன் சார், சனிக்கிழமையும் அதுவுமா எமனப் பத்திப் பேசணுமா? சனிப்பொணம் தனியாப் போகாதும்பாங்க.” கூட்டத்துக்குப் பல சனிக்கிழமைகளில் நான் தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்பதை அவருக்கு இப்போது தெரிவித்துக்கொள்கிறேன்.

நாம் வழக்கமாகக் கூடும் கூடத்தின் பொறுப்பாளர் “நரகம்: ஓர் அறிமுகம்” என்ற நோட்டீஸைப் பார்த்ததும், மறுநாள் அங்கே வளைகாப்பு இருக்கிறது என்று சாவி தர மறுத்துவிட்டார். அந்தக் கூட்டம் தலைவர் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது. பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தம் சொல்லும் 28 நரகங்களில் பிறர் பொருளைக் கவர்ந்தவனுக்குத் தாமிஸ்ரம், உயிருள்ள பிராணிகளைச் சமைத்தவனுக்குக் கும்பீபாகம் என்று பேச்சாளர் விளக்கியபோது பின்வரிசை இளைஞர்கள் சிரித்தார்கள். இந்த நரகத் தண்டனைகளைக் காட்டிய ‘அந்நியன்’ என்ற 2005-ஆம் ஆண்டுச் சினிமாதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. சினிமா வழியாகவாவது தெரிந்திருக்கிறதே.

அமங்கலம் என்று விலகியவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆடி அமாவாசையன்று விடியற்காலையில் எள்ளும் தண்ணீருமாகக் கடற்கரைக்கும் குளக்கரைக்கும் போகிறோம். வள்ளுவர் இல்வாழ்வானின் கடமைகளை வரிசைப்படுத்தும்போது தெய்வத்துக்கும் விருந்துக்கும் முன்னால் தென்புலத்தாரை, அதாவது இறந்துபோன முன்னோரை, வைக்கிறார். நெட்டிமையாரின் புறநானூற்றுப் பாட்டில் போருக்குமுன் விலகிப்போகச் சொல்லப்படுகிறவர்களில், தென்புல வாழ்நர்க்குக் கடன் இறுக்கும் புதல்வரைப் பெறாதவரும் உண்டு. நம் வீட்டில் பேசலாம், மன்றத்தில் பேசக்கூடாதா?

ஜூன் மாதம் இத்தாலியக் கவி தாந்தே. அவர் காட்டும் நரகத்தில் ஒன்பது வட்டங்கள். ஆக அடியில் நெருப்பு இல்லை, பனிக்கட்டி. நம்பியவர்களுக்குத் துரோகம் செய்தவர்கள் அதில் உறைந்து கிடக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கரன்ட் போய், மின்விசிறி நின்று, ஜூன் மாதச் சென்னையில் இதையெல்லாம் தண்டனைக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். கிரேக்கர்களைப் பற்றிய கூட்டத்தில், செத்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட நிலமற்ற ஒரு ஏழையிடம் கூலிக்கு வேலை செய்வது மேல் என்று, செத்துப்போன வீரன் அக்கிலீஸ் கீழுலகுக்கு வந்த ஒதீசியூஸிடம் சொல்லும் இடம் வந்தது. நம்மூர் நெற்றிக்காசைப்போல அங்கே செத்தவர்களைக் கீழுலகுக்குக் கொண்டுபோகும் படகோட்டி காரோனுக்காகப் பிணத்தின் வாயில் காசு வைப்பார்கள் என்பதும் பேசப்பட்டது. அந்தப் படகில் கடன் சொல்ல முடியாது. இதைப் பொருளாளர் தனியாகக் குறித்துக்கொண்டார்.

எனக்கு நிறைவளித்த கூட்டம் அக்டோபர் மழையில் நடந்தது. வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எடுத்துக்கொண்டது மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை. புகாரின் சுடுகாட்டுக்குள் தெரியாமல் நுழைந்த சார்ங்கலன் பயத்திலேயே உயிர்விடுகிறான். தாய் கோதமை அவன் உடலைத் தூக்கிக்கொண்டு வந்து சம்பாபதித் தெய்வத்திடம் மன்றாடுகிறாள். என் உயிரை எடுத்துக்கொள், இவனைக் கொடு, கண் தெரியாத என் கணவனை இவன் பார்த்துக்கொள்வான் என்கிறாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா, கசங்கிய ஜெராக்ஸ் தாளைக் கண்ணாடிக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு தெய்வத்தின் பதிலை வாசித்தார்: உயிருக்கு உயிர் மாற்ற முடியும் என்றால், உலகத்து மன்னர்களுக்காக உயிர் கொடுக்க ஆளா இல்லை? இந்தச் சுடுகாட்டில் அரசர்களுக்கு எழுப்பிய ஆயிரம் கோட்டங்கள் நிற்கின்றனவே! வாசித்துவிட்டு, “என்ன தெய்வம்யா, இப்படிக் கணக்கு பேசுது” என்றார். அரை மணி நேரம் சண்டை.

சண்டைக்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய கூட்டத்தில்தான் சுமேரியர்களின் தேவி இனன்னாவைப் பார்த்திருந்தோம். அவள் கீழுலகின் ஏழு வாயில்களிலும் அணிமணியும் ஆடையும் ஒவ்வொன்றாகக் களைந்து உள்ளே போகிறாள், பிணமாகிறாள், பிறகு உயிர் பெறுகிறாள். ஆனால் தனக்குப் பதில் ஒருவரைக் கொடுத்தால்தான் வெளியே வர முடியும். தனக்காகத் துக்கம் கொண்டாடாமல் உட்கார்ந்திருந்த கணவன் துமுஸியைக் காட்டிக்கொடுக்கிறாள். சுமேரியாவில் மாற்று செல்லும், புகாரில் செல்லாது. நம் சாவித்திரியோ மாற்று எதுவும் கொடுக்காமல் பேச்சினாலேயே எமனிடம் ஜெயித்துவிட்டாள். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பேசியது இந்த ஆண்டு நம் மன்றம் செய்த உருப்படியான காரியம் என்பது என் கருத்து. மணிமேகலைப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்தது வீண்செலவு என்று எழுதிக் கொடுத்திருக்கும் உறுப்பினருக்கு இதுவே என் பதில். அவர் அன்று வரவில்லை.

பிப்ரவரியில் எகிப்து. இறந்தவனின் இதயத்தை நீதித் தேவி மாஅத்தின் இறகுக்கு எதிராகத் தராசில் வைப்பது, 42 தேவர்கள் முன்னால் அவன் நான் களவு செய்யவில்லை, பொய் சொல்லவில்லை என்று ஒவ்வொன்றாக மறுப்பது. சந்தா பாக்கி வைக்கவில்லை என்ற வரி அதில் இல்லை. மார்ச்சில் மகாபாரதத்தின் கடைசிப் பகுதியான சுவர்க்காரோகண பருவம். சொர்க்கத்தில் துரியோதனன் சிம்மாசனத்தில் இருக்கிறான், தம்பிகளும் திரௌபதியும் நரகத்தில் கதறுகிறார்கள், தருமன் நான் இவர்களோடு இங்கேயே இருந்துவிடுகிறேன் என்கிறான். வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற நண்பர் “அப்போ தர்மம் எதுக்கு சார்?” என்று கேட்டதற்குப் பேச்சாளர் சொன்ன பதில் அவருக்கும் திருப்தி இல்லை, எனக்கும் இல்லை.

சந்தா. ஆண்டுக்கு 300 ரூபாய், மாதத்துக்கு 25. அதற்குள் சுண்டலும் தேநீரும் அடக்கம். ஏறத்தாழ பாதிப்பேர் இன்னும் தரவில்லை. ஜிபே அனுப்பினேன் என்று சொன்ன சிலரின் பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று பொருளாளர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். பெயர்களை வாசிக்கச் செயற்குழுவில் யோசனை வந்தது, நான்தான் தடுத்தேன். சித்திரகுப்தர் கோயில் காஞ்சிபுரத்தில் இருக்கிறது, சித்ரா பௌர்ணமியும் நெருங்குகிறது. மேலே சொல்ல விரும்பவில்லை.

வரவு செலவை மொத்தத்தில் சமாளித்துவிட்டோம். மைக் செட் வாடகை கூடியது, நோட்டீஸ் அச்சு குறைந்தது, கையிருப்பு கவலைப்படும்படி இல்லை. விவரம் வேண்டுவோர் பொருளாளரிடம் நோட்டைப் பார்க்கலாம்.

மொட்டைமாடி தந்த தலைவருக்கும், சுண்டல் செய்து அனுப்பிய இல்லத்தரசிகளுக்கும், நாற்காலி தூக்கிய இளைஞர்களுக்கும், பயணப்படி கேட்காத பேச்சாளர்களுக்கும் மன்றத்தின் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு ஒரு தொடர் மனதில் இருக்கிறது. இன்னும் பேசாதவை நிறைய: எமனை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிய புதுமைப்பித்தனின் கிழவி, “நமனை அஞ்சோம்” என்ற அப்பர், காலனை உதைத்த திருக்கடவூர். இவற்றுக்குக் கூடமும் ஆளும் வேண்டும். வேறு தலைப்புதான் வேண்டுமென்றால் அதையும் செய்யலாம், ஆனால் அதைச் சொல்பவர் கூட்டத்துக்கு வர வேண்டும். செயலாளர் பதவியைப் பொறுத்தவரை, இனன்னாவுக்குப் போட்ட நிபந்தனைதான் எனக்கும் போடப்பட்டிருப்பதாகத் தெரிகிறது. இதுவரை வேட்புமனு ஒன்றும் வரவில்லை. ரசீதுப் புத்தகத்தையும் பீரோச் சாவியையும் இன்றே கொடுக்கத் தயார்.

தேர்தல் ஐந்தரை மணிக்கு. அதற்குமுன் வாசல் மேசையில் பொருளாளர் உட்கார்ந்திருப்பார். பாக்கி உள்ளவர்கள் கட்டினால்தான் வாக்களிக்கலாம் என்பது விதி 7. நன்றி, வணக்கம்.