பள்ளத்தைக் குழாய்க்குள் அடைப்பது வளர்ச்சியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் இதழின் சென்ற வார மனை இணைப்பில், கோவைக்கு மேற்கே புதிதாகப் போடப்பட்ட மனைப்பிரிவுகளைப் பற்றிய கட்டுரையில் ஒரு வரி வந்தது: ‘நடுவே கிடந்த வறண்ட பள்ளம் குழாய் பதித்து மூடப்பட்டு, இன்று 30 அடிச் சாலையாகிவிட்டது.’ பள்ளம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வது மழைநீர் ஓடும் சிற்றோடையைத்தான். அதை மூடியதைப் பாராட்டாக எழுதியிருந்ததுதான் என்னை மிகவும் வருத்தியது.

வெள்ளியங்கிரி மலைச் சரிவிலிருந்து இறங்கும் எங்கள் பள்ளங்கள் மழைக்காலத்தில்தான் ஓடும். மற்ற மாதங்களில் மணல்தான் தெரியும். அந்த மணலில் இறங்கும் தண்ணீர்தான் எங்கள் கிணறுகளுக்கு ஊற்று. இப்படிப்பட்ட பள்ளங்கள் சேர்ந்துதான் நொய்யல், அதில் சித்திரைச்சாவடி அணையில் பிரியும் வாய்க்கால்தான் கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமி குளங்களுக்குப் போகிறது. குளம் வற்றினால் படத்தோடு செய்தி போடும் உங்களுக்கு இது தெரியாததல்ல.

எங்கள் விவசாயக் காட்டுக்கு மேற்கேயும் மனை போட்டார்கள். இரண்டு பக்கமும் கிளுவை வேலி அடர்ந்திருந்த இட்டேரியை, அதாவது காடுகளுக்கு நடுவே போகும் வண்டிப் பாதையை, ஜேசிபி வைத்து வழித்தெடுத்து, பள்ளத்தில் ஹியூம் பைப் என்கிற சிமெண்ட் குழாயை இறக்கி, மேலே கிராவல் கொட்டினார்கள். அடுத்த ஐப்பசியில் பெருமழை. தென்னை மட்டையும் பிளாஸ்டிக்கும் குழாய் வாயை அடைத்துக்கொள்ள, தண்ணீர் சாலை மேலேறி எங்கள் சின்ன வெங்காயத்துக்குள் புகுந்துவிட்டது. பாத்தியெல்லாம் கரைந்து, பறிக்க இருந்த வெங்காயம் கையில் எடுத்தால் பிதுங்கியது. புகார் கொடுத்தால், அது ஓடைப் புறம்போக்கு இல்லை, பட்டா நிலம், ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பட்டா யார் பெயரில் இருந்தால் என்ன, தண்ணீர் அந்த வழியாகத்தானே வந்தாக வேண்டும்?

இதெல்லாம் இன்று நேற்று நடப்பதல்ல. 2016-ல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய உயர் நீதிமன்றம் தடை போட்டபோது நிலம் தப்பித்தது என்று நம்பினோம், அடுத்த வருடமே அந்த மனைகளை முறைப்படுத்திக் கொடுக்கும் வரன்முறைத் திட்டம் வந்தது. பொது நீர்நிலையில் போட்ட மனைக்கு அது பொருந்தாது என்றுதான் விதி. பட்டாவுக்குள் ஓடும் பள்ளத்தை யார் நீர்நிலையாக எண்ணினார்கள்? ஹாகா என்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990-லிருந்து இருக்கிறது. அதன் பட்டியலில் உள்ள கிராமத்தில்தான் மனை போட அதன் அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாடு, பக்கத்துக் கிராமத்துக்கு இல்லை, ஆனால் இரண்டுக்கும் ஒரே பள்ளம். கோவைக்கு அருகே தடாகம் பகுதியில் செங்கல் சூளைகளுக்குச் செம்மண் வெட்டி ஓடைகள் என்ன கதிக்கு ஆளாயின என்பதை 2021-ல் சூளைகளை மூடிய பிறகுதான் ஊரே பேசியது. இதைப் பற்றியெல்லாம் முன்பே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வெளியிட்டீர்கள், நன்றி, ஆனால் பள்ளத்தைப் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துவிட்டிருந்தீர்கள். இடமில்லாமல் இருந்திருக்கலாம்.

நிலத்தை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆள் கிடைப்பதில்லை, கூலி கட்டுப்படியாவதில்லை, பிள்ளைகள் வெளியூரில், அதனால் விற்கிறார்கள். ஆனால் மனை போடவும் ஒரு முறை இருக்கிறது. மனைப்பிரிவில் பொதுப் பயன்பாட்டுக்கு விடும் 10 சதவீத ஒதுக்கிடத்தை எதற்கும் உதவாத மூலையில் தள்ளாமல் பள்ளத்தின் இரு கரையிலும் விடலாம். இட்டேரியையே பாதையாக வைத்துக்கொள்ளலாம். காம்பவுண்டுச் சுவருக்குப் பதில் கிளுவைப் போத்தை (வெட்டிய கிளையை) ஊன்றினால் தானாகப் பிடித்துக்கொள்ளும், மயிலும் கீரியும் போய் வரும். பள்ளத்தைக் கடக்க ஒரு தரைப்பாலம் போதும், வெள்ளம் அதன் மேலேயே போய் வடிந்துவிடும். மேட்டையும் தாழ்வையும் ஒரே மட்டமாக்கி 3 சென்ட், 3 சென்டாக நறுக்குவதைவிட இதற்குச் செலவும் குறைவு.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மனை இணைப்பில் வரும் ஒவ்வொரு விளம்பரத்திலும் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் கட்டாயம் போடச் சொல்லுங்கள். எண் இருந்தால், வாங்குகிறவர் பணம் கட்டும் முன் கிராம வரைபடத்தை எடுத்து, பள்ளம் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
தொண்டாமுத்தூர் வட்டார விவசாயி