குழலும் டிரம்மும் கையில் கொடுத்தவர்களுக்கு நன்றி

அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றோர ஊர்களில் ஃபைஃப் (பக்கவாட்டில் பிடித்து ஊதும் சிறு குழல்), டிரம் வாசித்து அணிவகுக்கும் குழுக்களில் எங்களைச் சேர்த்துக்கொண்ட மூத்தவர்களுக்கும், எங்கள் சாதகத்தைப் பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

முதல் நன்றி, "கேட்காமல் வாங்காதீர்கள்" என்று தடுத்தவர்களுக்கு. மலிவான பிளாஸ்டிக் ஃபைஃப் பெரும்பாலும் சி சுருதி. குழு வாசிப்பதோ பி-ஃபிளாட். விரல் சரியாகவே விழும், ஓசை மட்டும் யாரோடும் சேராது. உங்கள் இரவல் குழல்கள் அந்த வீண்செலவைத் தடுத்தன.

குழல் சொல்லிக்கொடுத்தவர்களே, துளை ஆறுதான், பாடெல்லாம் உதட்டுக்கு. டிரம்மை மீறித் தெருக்கோடி வரை கேட்பது மேல் ஸ்தாயி. அதற்காக மூச்சைக் கொட்டினால் தலைதான் சுற்றும். உதட்டு இடைவெளியைச் சுருக்கினால் காற்று வேகமெடுக்கும், ஸ்வரம் தானே ஏறும் என்று காட்டினீர்கள். புது மரக்குழலை ஆரம்பத்தில் நாளுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஊத விடவில்லை. உள்ளே ஈரத்தில் மரம் உப்பி, வெளியே காய்ந்தபடி இருந்தால் வெடித்துவிடும். வாசித்ததும் துடைப்பதும், அவ்வப்போது பாதாம் எண்ணெய் தடவுவதும் அதற்காகத்தான்.

டிரம்காரர்களுக்குக் கடன் இன்னும் பெரிது. டிரம்மைச் சுற்றியுள்ள கயிற்றில் கோத்த தோல் பட்டைகளான 'காது'களைக் கீழே இழுத்தால் முகம் இறுகும். ஒரே காதை முழுக்க இழுத்தால் வளையம் கோணிக்கொள்ளும். சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாகத்தான். ஜூலைப் புழுக்கத்தில் கன்றுத்தோல் தொய்யும், வெயில் பட்டதும் விறைக்கும். வாசித்து முடித்ததும் காதுகளை மேலே தள்ளித் தளர்த்த மறந்தால் மறுநாள் காலை தோல் கிழிந்திருக்கக்கூடும். டிரம் இடது தொடையில் சாய்ந்து தொங்குவதால்தான் இடக்கைப் பிடி வேறு; அது புரிந்தபின் மணிக்கட்டு வலி குறைந்தது. கைக்கு இரண்டிரண்டாக அடித்து, மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும் லாங் ரோல்தான் எல்லாவற்றுக்கும் அரிச்சுவடி. நிமிடத்துக்கு 110 அடி அளவிலேயே நிதானமாக நடக்கும் பழைய பாணியில், ஓடிவிடும் கையை அடக்குவதே பெரும்பாடு.

ஐவரிட்டன் ஊரிலுள்ள ஃபைஃப், டிரம் அருங்காட்சியகத்தாருக்கும் நன்றி. அதை நடத்தும் ஃபைஃபர்கள், டிரம்மர்களின் 'கம்பெனி' என்ற சங்கம் 1965-இல் தொடங்கியது. பழைய டிரம்களின் கயிற்றுக் கட்டை அருகில் பார்த்ததில் பாதி சந்தேகம் தீர்ந்தது.

ஜூலை மூன்றாம் சனிக்கிழமை டீப் ரிவர் ஊரில் குழுக்கள் கூடி அணிவகுக்கும் 'மஸ்டர்' விழாவில் கம்பளிக் கோட்டோடு நடப்பவர்களுக்குத் தண்ணீர் சுமந்து கூடவே வந்தவர்களுக்குத் தனி நன்றி. (கோட்டைத் தைத்தவர்களுக்கு நன்றியை அக்டோபரில் சொல்கிறோம்.)

இரவல் குழல்கள் துடைத்து எண்ணெய் தடவித் திரும்ப வருகின்றன. ஒரு பெட்டியின் கொக்கி எங்கள் கையில் உடைந்தது, புதிது மாட்டியிருக்கிறோம்.

இப்படிக்கு,
இந்த ஆண்டின் புதுவரவுகள்